காரணம் அறிந்த கை

மத்தைச் சுழற்றித் தயிரில் வெண்ணெய் எடுப்பதைத் தமிழர் கடைதல் என்பர். மரத்தையும் உலோகத்தையும் சுழலவிட்டு உருக்கொடுக்கும் தொழிலுக்கும் அதுவே பெயர். கர்நாடகத்தின் சன்னப்பட்டண மரப்பொம்மைகள் கடைசல் வேலையால் உருவானவை. பொறியியல் பட்டறையில் இரும்புத் தண்டைக் கடைந்து அச்சாகவும் திருகாணியாகவும் ஆக்குவது கடைசல் இயந்திரம். பட்டறையில் பணிபுரிவோர் அதனை 'லேத்' என்பர். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மாணவர் பலர் இதில் பயிற்சி பெறுகின்றனர்.

துளையிடும் இயந்திரத்தில் கருவி சுழலும், பொருள் அசையாதிருக்கும். கடைசல் இயந்திரத்திலோ பொருளே சுழலும். வெட்டுளி மெல்ல நகர்ந்து அதனைச் சீவும். வழவழப்பான தண்டு விரைந்து சுழலும்போது அசையாமல் நிற்பது போலவே கண்ணுக்குத் தோன்றும். இயந்திரத்தின் ஆபத்து அந்தத் தோற்றத்தில் மறைந்திருக்கிறது.

மாணவர் பட்டறைகளின் சுவர்களில் பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருப்பதுண்டு. அவற்றை மனப்பாடம் செய்தால் போதும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. ஒவ்வொரு விதியும் அதன் காரணத்தோடு கற்பிக்கப்படவேண்டும்.

கையுறையை எண்ணிப் பார்க்கலாம். கையுறை கையைக் காக்கும் என்பது பொது அறிவு. ஆயினும் ஓடும் கடைசல் இயந்திரத்தின் முன் கையுறை அணிதல் கூடாது. வெறுங்கையில் உரசும் பொருள் தோலைக் கிழிக்கக்கூடும். கையுறையைப் பற்றிய பொருளோ கையையே உள்ளே இழுத்துவிடும். இக்காரணம் அறியாத மாணவர், பாதுகாப்பை நாடியே கையுறை அணிந்து ஆபத்தைத் தேடிக்கொள்வார். காரணம் அறியாத எச்சரிக்கை இவ்வாறு தீங்காகவும் முடியும்.

தளர்ந்த சட்டைக்கை, துப்பட்டா, வளையல், அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றை விலக்குவதற்கும் காரணம் உண்டு. அதனை ஒரு சிறு கணக்கு விளக்கும். 30 மி.மீ. விட்டமுள்ள தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 94 மி.மீ. அது நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால் நொடிக்கு 10 சுற்று ஆகும். ஒரு நொடியில் 94 செ.மீ. துணியைத் தன்மீது சுற்றிக்கொள்ளும். ஆபத்தைக் கண்டு கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் 23 செ.மீ. துணி சுற்றப்பட்டிருக்கும். "சிக்கினால் இழுத்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் எத்துணைத் தவறானது என்பதை இக்கணக்கே காட்டும். ஓடும் இயந்திரத்தைச் சோதிப்போரும் அதற்கு எண்ணெய் இடுவோரும் உடலோடு ஒட்டிய உடை அணியவேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததும் இதனாலேயே.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், இரவில் தனியே பணியாற்றிய இறுதியாண்டு மாணவி ஒருவர், கூந்தல் கடைசல் இயந்திரத்தில் சிக்கியதால் உயிரிழந்தார். அவர் இயற்பியல் பயின்றவர். அறிவிற் சிறந்தோருக்கும் இயந்திரம் சலுகை காட்டுவதில்லை. அதன்பின் அப்பல்கலைக்கழகம், இளநிலை மாணவர் பட்டறையில் பணிபுரியும் நேரத்தை வரையறுத்தது. கண்காணிப்பாளர் உடனிருப்பதையும் கட்டாயமாக்கியது. சிக்கிக்கொண்டவரின் கை நிறுத்தும் பொத்தானை எட்டாமற் போகலாம். அருகில் நிற்பவரின் கை எட்டும். துணையோடு பணிபுரிக என்னும் விதியின் பொருள் அதுவே.

பிற விதிகளும் இத்தகையனவே. சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டு இயந்திரத்தை ஓட்டினால், சாவி எறியப்பட்டு ஆளைத் தாக்கும். சீவிய உலோகச் சுருள் சூடாகவும் கூர்மையாகவும் இருக்கும். ஆதலால் இயந்திரத்தை நிறுத்திய பின்பே அதனைத் தூரிகையால் அகற்றவேண்டும். தெறிக்கும் துகளிலிருந்து கண்ணைக் காப்பது பாதுகாப்புக் கண்ணாடி. அளவு எடுப்பதும் சுழற்சி முற்றிலும் நின்ற பின்னரே.

"தெருமுனை லேத் பட்டறையில் கண்ணாடி அணியாமல் பல்லாண்டு பணிபுரிவோர் இல்லையா?" எனச் சிலர் வினவலாம். இதுவரை நேராத விபத்து இனியும் நேராது என்பதற்கு உறுதி ஏது? இழந்த கண்ணை அனுபவம் மீட்டுத் தராது. மாணவரை இயந்திரத்திடமிருந்து விலக்கிவைப்பதே நல்லது என்பாரும் உளர். அது நீரில் இறங்காமல் நீச்சல் கற்பிப்பது போன்றது. தொழில் கையால் பழகினால்தான் வரும்.

ஆதலின், பயிற்சி பெறும் மாணவர் ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தைத் தம் சொற்களால் கூறிய பின்னரே இயந்திரத்தை இயக்க இசைவு பெறவேண்டும். அச்சத்தால் காக்கப்படும் விதி ஆசிரியர் அகன்றதும் நழுவிவிடும். காரணம் அறிந்த கையோ, யாரும் பார்க்காதபோதும் சாவியைக் கழற்றி வைத்த பின்பே பொத்தானைத் தொடும்.