கிளாம்பாக்கமும் ஒரு வரித் திருத்தமும்

ஓர் இணையதளத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய திருத்தங்களைத் தனித்தனியாக வெளியிடாமல் ஒரே தொகுப்பாகக் கட்டிவைத்து, குறித்த நாளில் ஒருசேர நடைமுறைக்குக் கொண்டுவருவது அலுவலக அறைக்குள் முடிந்துபோகும் வேலையாகத் தோன்றினாலும், அதன் விளைவு தெரியும் இடம் தெருவே என்பதைத் தாம்பரம் வட்டாரத்து மக்கள் 2023ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் தொடங்கிய பேருந்து முனைய மாற்றத்தில் கண்டார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் புறப்படும் இடம் கோயம்பேடு என்றிருந்ததைக் கிளாம்பாக்கம் என்று திருத்துவதற்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்ற கணக்கு எந்த ஓர் அலுவலகத்தின் மேசையிலும் முழுமையாக இருப்பதில்லை.

ஏறத்தாழ 88 ஏக்கரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டிய கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலினால் திறந்துவைக்கப்பட்டது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் தென்மாவட்டப் பேருந்துகள் முதலில் இடம் மாறின. தனியார் ஆம்னி பேருந்துகள் 2024 ஜனவரி 24 முதல் அங்கிருந்தே புறப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள் ஜனவரி 30 முதல் மாறின. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்பவையும் பெங்களூர்த் திசைக்குச் செல்பவையும் அப்போது கோயம்பேட்டிலேயே தங்கின. பொங்கல் நெரிசலுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றுவது இயலாது என்பதால் இவ்வாறு கட்டம் கட்டமாகச் செய்ததில் நிர்வாக நியாயம் உண்டு. எனினும் தொகுப்பின் எல்லையை வகுத்தது, வண்டி எந்தக் கழகத்தினுடையது என்ற கேள்வி. பயணியின் கேள்வியோ வேறு: திருச்சிக்குப் போக எங்கே ஏறுவது? அந்த ஜனவரி மாதத்தில், ஒரே ஊருக்கு ஒரே இரவில் கிளம்பும் மூன்று வகை வண்டிகளுக்கு ஒரே பதில் இருக்கவில்லை. ஒவ்வொரு பதிலும் அவரவர் பக்கத்தில் சரியானதே.

தாம்பரம், பெருங்களத்தூர் வாசிகளுக்கு இது இன்னும் சிக்கலானது. கோயம்பேட்டில் கிளம்பிய வண்டி ஜி.எஸ்.டி. சாலை வழியே வருவதால், தெற்கே போகிறவர்கள் பெருங்களத்தூரில் பெட்டியோடு நின்று ஏறிக்கொள்வது நெடுங்கால வழக்கம். கிளாம்பாக்கமோ பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் தெற்கே இருக்கிறது. ஆகவே அங்கே புறப்பட்டுத் தெற்கே செல்லும் வண்டி பெருங்களத்தூரைத் தொடுவதற்கே வழியில்லை. வடசென்னைப் பயணிக்கு ஒரு பெயர் மாறியது. புறநகர்ப் பயணிக்கோ இடைநிறுத்தங்கள் பட்டியலிலிருந்தே மறைந்தன. தலைப்பில் புறப்படும் இடத்தைத் திருத்திவிட்டு, கீழே பழைய இடைநிறுத்தங்களையும் நேரங்களையும் அப்படியே விட்டுவைக்கும் பக்கம் பாதி உண்மையைச் சொல்கிறது. எந்தப் பாதி உண்மை என்பது படிப்பவருக்குத் தெரியாத நிலையில், முழுப் பொய்யைக் காட்டிலும் அதனால் விளையும் அலைச்சல் அதிகம்.

முன்பதிவுப் பக்கம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இந்த வேலையின் அளவு விளங்கும். ஏறுமிடத்தின் பெயர், அங்கே வண்டி நிற்கும் நேரம், அடையாளக் குறிப்பு, வரைபடப் புள்ளி, நடைமேடை விவரம், பயணச்சீட்டின் அச்சு வடிவம், கைப்பேசிக்குச் செல்லும் குறுஞ்செய்தி, ரத்து விதிகள், வழக்கமான கேள்விகளுக்கான பதில்கள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவு. இவற்றுள் பல ஆங்கிலத்திலும் தமிழிலும் இருமுறை எழுதப்படுபவை. ஆங்கிலப் பக்கம் அன்றே திருந்தித் தமிழ்ப் பக்கம் வாரக்கணக்கில் பின்தங்குவது தமிழ்நாட்டு இணையதளங்களில் யாரும் வியந்து பார்க்காத காட்சியாகிவிட்டது. தமிழ் வடிவம் தயாராகும்வரை தொகுப்பு முழுமை பெறவில்லை என்று ஒரு விதி இருந்தாலே இதில் பெரும்பகுதி தீரும்.

இத்தகைய தொகுப்பை உருவாக்கும் வசதி மென்பொருள்களில் இல்லாமலில்லை. வேர்டுபிரஸ் என்னும் தள மேலாண்மை மென்பொருளில் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பு, தளத்தின் தோற்றத்திலும் அமைப்பிலும் செய்யப்படும் மாற்றங்களை ஒரே கட்டாகச் சேமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் வந்த 4.9 பதிப்பு, அக்கட்டினை வரைவாக வைத்திருக்கவும், பிறருக்கு முன்னோட்டமாகக் காட்டவும், நாள் குறித்துத் தானாக வெளியாகச் செய்யவும் வழி தந்தது. முன்னோட்டம் என்பது, பொதுமக்கள் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாளைய தளம் முழுவதையும் உரியவர்கள் இன்றே நடமாடிப் பார்க்கும் ஏற்பாடாகும். இதன் பயன் எழுத்துப்பிழை பிடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பக்கத்தில் கிளாம்பாக்கம் என்றும் அதிலிருந்து சுட்டப்படும் பக்கத்தில் கோயம்பேடு என்றும் நிற்கும் முரண், தளத்தை முழுதாக நடந்து பார்த்தால் மட்டுமே அகப்படும்.

ஆனால் போக்குவரத்துத் துறையில், நாள் குறித்து ஒரே நேரத்தில் வெளியிடும் முறையும் போதாது. முன்பதிவு வாரக்கணக்கில் முன்பே நடப்பதால், டிசம்பர் 20 அன்று ஒரே பக்கத்தைப் பார்க்கும் இருவருள், 28ஆம் தேதி பயணம் செய்பவருக்குக் கோயம்பேடும், ஜனவரி 2 அன்று பயணம் செய்பவருக்குக் கிளாம்பாக்கமும் காட்டப்பட வேண்டும். வெளியிடும் நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு. பொதுப் போக்குவரத்துக் கால அட்டவணைகளைப் பகிர்வதற்காக உலகெங்கும் வழங்கும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற தரவு வடிவம் இதை உணர்ந்தே அமைந்தது: ஒவ்வொரு சேவைக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் தரவுக்குள்ளேயே எழுதப்படுவதால், பழைய அட்டவணையும் புதியதும் மோதாமல் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கலாம். ரயில்வே தன் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது, 2024 நவம்பர் 1 முதல் புதிய விதி என்று அக்டோபரிலேயே அறிவித்ததுடன், அக்டோபர் 31 வரை பழைய விதிப்படி எடுத்த பயணச்சீட்டுகள் செல்லும் என்பதையும் சேர்த்தே சொன்னது. எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்பவர்களுக்கான விதி, அறிவிப்பின் உள்ளேயே இருந்தது.

ஆம்னி பேருந்துகளின் விஷயத்தில் இடறியது இந்த இடம்தான். ஜனவரி 25 தைப்பூசம், 26 குடியரசு நாள். தொடர் விடுமுறைக்காக மக்கள் முன்கூட்டியே எடுத்திருந்த பயணச்சீட்டுகளில் பழைய ஏறுமிடங்களே இருந்தன. விற்றுவிட்ட சீட்டுகளைக் காட்டி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அரசு தன் முடிவில் நின்றது. பிணக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. பிப்ரவரியில் பிறந்த இடைக்கால உத்தரவு, போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் பயணிகளை ஏற்றி இறக்குவது பற்றிச் சொன்னதோடு, முன்பதிவுச் செயலிகளில் எந்த இடங்களைக் காட்டலாம் என்பதையும் தொட்டது. ஒரு செயலியின் ஏறுமிடப் பட்டியல் நீதிமன்றத்தின் கவனத்துக்குரிய பொருளானது, அந்தப் பட்டியல் விளம்பரமாக நில்லாமல் பயணியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பகுதியாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

வெளியீட்டுக்குப் பின்னும் பழையது சில நாள் உயிரோடிருக்கும். விரைவுக்காக இடைநிலைக் கணினிகளும் உலாவிகளும் பக்கங்களின் நகலைச் சேமித்துவைப்பதால், திருத்திய பக்கத்தின் பழைய நகல் சிலருக்குத் தொடர்ந்து தெரியக்கூடும்; அந்த நகல்களை நீக்குவதும் தொகுப்பின் கடைசி வேலையாகச் சேர்க்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பழைய திரைப்பிடிப்பை நீக்க எந்தப் பொத்தானும் கிடையாது. ஆகவே பெருங்களத்தூர் என்று தேடுபவருக்கு வெற்றுப் பட்டியலைக் காட்டுவதைவிட, இவ்வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்தில் புறப்படுகின்றன, அங்கே செல்ல இன்ன மாநகரப் பேருந்து உண்டு என்று காட்டும் குறிப்பொன்றைச் சில மாதங்களுக்கு விட்டுவைப்பதே முறை.

முனையம் இயங்கத் தொடங்கியபோது கிளாம்பாக்கத்துக்கென்று ரயில் நிலையம் இருக்கவில்லை. அதனால் வழிகாட்டும் பக்கங்களெல்லாம் வண்டலூரையோ ஊரப்பாக்கத்தையோ இறங்குமிடமாகச் சொல்லும்படி எழுதப்பட்டன. அப்படியொரு நிலையத்துக்குரிய தொகுப்பில் புறநகர் ரயில் அட்டவணை, பயணச்சீட்டுச் செயலியின் நிலையப் பட்டியல், கட்டண அட்டவணை, மாநகரப் பேருந்தின் இணைப்புத் தடங்கள், முனையத்தின் அறிவிப்புப் பலகைகள், விரைவுப் பேருந்துச் சீட்டின் அடிக்குறிப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். இவை ஒரே அமைப்பின் கையில் இல்லை என்பதால், அந்தப் பட்டியலைத் தயாரித்துக் காக்கும் பொறுப்பு ஏதேனும் ஓர் அலுவலருக்குப் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும்.