தலைக்கணக்கும் ஸ்தல ஸ்தாபனங்களும்

ஊராட்சியும் நகராட்சியும் குழாய் பதிப்பதும், தெருவிளக்குப் போடுவதும், குப்பை அள்ளுவதும் ஜனங்களுக்காகவே. ஆகவே ஜனத்தொகை ஏறினால் பணி ஏறும், இறங்கினால் பணி இறங்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். அரசாங்கம் மானியம் பிரிக்கும் முறையும் பெரும்பாலும் இவ்வெண்ணத்தையே தழுவியிருக்கிறது. இதில் முதற்பாதி உண்மை. மறுபாதியை நாம் ஏற்பதற்கில்லை.

நீலகிரி ஜில்லாவை நோக்குவோம். 2001ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கு 7,62,141 பேர். 2011இல் 7,35,394 பேர். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை வீழ்ந்த பின், சிறு விவசாயிகளின் மக்கள் பலர் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்கினர். ஆட்கள் இறங்கினர், குழாயின் நீளம் குறையவில்லை. மேட்டிலுள்ள ஹட்டிக்கு நீரேற்றும் மோட்டார், குடியிருக்கும் வீடுகள் அறுபதாயினும் நாற்பதாயினும் ஓடியே தீரவேண்டும். மழையில் சரியும் பாதை, அதில் நடப்போர் குறைந்துவிட்டனர் என்று சரியாமல் நிற்பதில்லை. தலைக்கணக்கில் மானியம் சுருங்கும்போது, அதே செலவை எஞ்சிய சிலரே சுமக்கவேண்டியதாகிறது. எஞ்சுவோரில் முதியோர் மிகுதியாதலின் அவர்கள் கேட்கும் பணியும் வேறு. அங்கன்வாடியில் பிள்ளைகள் குறைவர். வைத்தியசாலைக்குச் செல்லும் பஸ்ஸை எதிர்பார்ப்போர் கூடுவர்.

இனி, இறங்கியவர்கள் சென்ற இடத்தைப் பார்ப்போம். இன்றைய திருப்பூர் ஜில்லாவின் எல்லைக்குள் 2011இல் 24,79,052 பேர் இருந்தனர். பத்தாண்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் கூடியிருந்தனர். திருப்பூர் 2008இல் மாநகராட்சியாயிற்று. 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. ஆட்கள் முதலில் வந்தனர். எல்லையும் குழாயும் பின்னரே வந்தன. பனியன் கம்பெனிகளில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளரும் வேலை செய்கின்றனர். ஓர் அறையில் ஐவர் தங்கும் லைன் வீட்டிற்கும், ஒரே குடும்பம் வாழும் வீட்டிற்கும் வரி ஏட்டில் வேறுபாடு தெரிவதில்லை. குடத்தோடு நிற்கும் வரிசையில்தான் தெரிகிறது.

பதினைந்தாவது நிதிக் கமிஷன், ஸ்தல ஸ்தாபன மானியத்தை மாநிலங்களுக்கிடையே பங்கிட்டபோது, ஜனத்தொகைக்கு 90 பங்கும் நிலப்பரப்புக்கு 10 பங்கும் மதிப்பளித்தது. எடுத்துக்கொண்ட ஜனத்தொகையோ 2011ஆம் ஆண்டினது. 2021இல் எடுக்கவேண்டிய கணக்கு கோவிட் நோயினால் தள்ளிப்போயிற்று. மாநிலத்திற்குள்ளும் தலைக்கணக்கே முதலிடம் பெற்று வந்துள்ளது. இம்முறையால் திருப்பூருக்கும் குறை, நீலகிரிக்கும் குறை. ஒன்றிற்குப் பழைய கணக்கினால், மற்றொன்றிற்குக் கணக்கிடும் வகையினால்.

ஆள் குறையும் ஊருக்குச் செலவிடுவது வீண் என்று வாதிப்போர் உளர். அவர்கள் வாங்கும் தேயிலை அவ்வூர்களிலிருந்தே வருகிறது என்பது ஒருபுறமிருக்க, நீலகிரியின் நிலை நீலகிரியோடு நிற்கப்போவதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே. 2011இல் அறுபது கடந்தோர் நூற்றுக்குப் பதின்மர். 2031இல் பதினெண்மர் ஆவர் என்பது மத்திய அரசின் நிபுணர் குழுவின் மதிப்பீடு. நெசவாளர் தெருக்களிலும் இளைஞர் தறியைவிட்டு நகரம் செல்வதை நமது வாசகர்கள் அறிவார்கள்.

எனவே ஒவ்வோர் ஊராட்சிக்கும் தலைக்கணக்கைச் சாராத அடிப்படைத் தொகை ஒன்று வேண்டும். அது குழாயின் நீளத்தையும் நிலத்தின் மேடுபள்ளத்தையும் முதியோர் தொகையையும் ஒட்டி அமைவதே முறை. வளரும் நகரத்திற்கோ பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கு போதாது. ரேஷன் கார்டு, மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றைக் கொண்டு ஆண்டுதோறும் மதிப்பிடுதல் அரிய காரியமன்று.

1-3-2027ஐக் கணக்கு நாளாகக் கொண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடத்துவதாக 2025இல் அரசாங்கம் அறிவித்தது. நகரத்தில் நிலையாகத் தங்கிவிட்ட மகனைச் சொந்த ஊர்க் கணக்கில் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாசத்தால் செய்வதே, ஆயினும் அவன் குடிக்கும் தண்ணீருக்கு நகரத்தில் கணக்கில்லாமற் போகிறது. ஊருக்கு உரியதைக் கேட்க வேறு வழி உண்டு. அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபைக்குச் சங்கக் காரியதரிசிகள் ஒரு தாளில் எழுதிச் செல்லட்டும்: எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை வீடுகளில் அறுபது கடந்தோர் மட்டும் இருக்கின்றனர், எந்தத் தெருவிற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று.