ஆடும் மேசையும் நடுங்கும் கையும்

முதியோர் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த ஸ்பானிய மொழிக்காரர் ஒருவர், நடக்கையில் தள்ளாடும் பாட்டியைப் பற்றி மருத்துவரிடம் ‘ஷி இஸ் அன்ஸ்டேபிள்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கோ பாட்டிக்கு மனநிலை சரியில்லை, அல்லது உடல்நிலை கவலைக்கிடம் என்றே படும். வேண்டியிருந்தது ‘அன்ஸ்டெடி ஆன் ஹெர் ஃபீட்’.

‘இனெஸ்தாப்ளே’ என்ற ஸ்பானியச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் வரும் வினை இது. ஒலியில் ஒத்த சொல் கிடைத்ததும் ஆங்கிலம் கற்கும் மாணவர் தேடலை நிறுத்திவிடுகிறார். தவறு இலக்கணத்தில் இல்லாததால் ஆசிரியரும் திருத்தாமல் விட்டுவிடுகிறார். பெரிய இழப்பு அதுதான்.

ஸ்பானிய மொழி இந்த இடத்தில் பெரும்பாலும் வினைச்சொல்லையே நாடும். கை ‘தியெம்ப்லா’, அதாவது நடுங்குகிறது. கால் குட்டையான மேசை ‘கோஹேயா’, நொண்டுகிறது. தமிழிலும் நாற்காலி ஆடத்தானே செய்கிறது! ஆங்கிலமோ ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பெயரடையைக் கேட்கிறது. மேசைக்கு வாப்ளி, பழைய ஏணிக்கு ரிக்கட்டி, குரலுக்கும் கைக்கும் ஷேக்கி. வலுவில்லாத சாட்சியமும், ஒரு அணியின் தடுமாறிய தொடக்கமும்கூட ஷேக்கிதான். இவை அனைத்துக்கும் எதிரே ‘தாம்பாலேயாந்தே’ என்று ஒரே சொல்லை எழுதிவைக்கும் பட்டியலால் பயனில்லை. வகுப்பில் உண்மையாகவே ஆடும் மேசை இருந்தால் அதைக் காட்டலாம். மாணவர் தம் மொழியில் வினையைச் சொல்லட்டும்; ஆசிரியர் ‘வாப்ளி டேபிள்’ என்று பெயரோடு சேர்த்தே கொடுக்கட்டும்.

ரிக்கட்டியைக் கற்பிப்பவர் ‘ராக்கீத்திகோ’ என்ற ஸ்பானியச் சொல்லைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். இரண்டும் எலும்பை மெலிவிக்கும் ஒரே நோயின் பெயரையொட்டி வந்தவை. ஆனால் ‘ராக்கீத்திகோ’ பெரும்பாலும் நோஞ்சான் உடலையும் அற்பச் சம்பளத்தையும் குறிக்கும்.

உச்சரிப்பில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘ஸ்டெடி’யை ‘எஸ்டெடி’ என்று தொடங்குபவர்களுக்கு ‘அன்ஸ்டெடி’ எளிதாக வரக்கூடும். ‘இன்ஸ்தாந்தே’, ‘கோன்ஸ்தாந்தே’ என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. எனவே எதிர்ச்சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘ஷேக்கி’யின் முதல் ஒலியோ ஊருக்கு ஊர் மாறும். மாட்ரிட் மாணவருக்கு அது ‘சேக்கி’ என்று வந்துவிடலாம். பியூனஸ் அயர்ஸ்காரர் ‘கால்யே’ என்ற தெருவையே ‘காஷே’ என்பவர். அவருக்கு ஒலிப்பயிற்சி தேவையில்லை. அந்த நேரத்தைக் குரல், கை, சாட்சியம் என்று ஷேக்கியோடு சேரும் பெயர்களுக்குக் கொடுத்துவிடலாம்.