ஒரு குளிர்காலம்... ரெண்டு டிரேடு!



நவம்பர் பிறந்தா அமெரிக்காவில் பேஸ்பால் மைதானங்களை எல்லாம் இழுத்துப் பூட்டிடுவாங்க. வெளியே பனி கொட்டும். ஆனா, ரசிகர்கள் வாயை மட்டும் யாராலயும் பூட்ட முடியாது! பிப்ரவரியில் பயிற்சி முகாம் ஆரம்பிக்கிற வரைக்கும் 'யாரைக் கொடுத்துட்டு யாரை வாங்கலாம்?'னு ஒரே கச்சேரிதான். இந்தக் கச்சேரிக்குத் தனியா பேரே இருக்கு... 'ஹாட் ஸ்டோவ் லீக்'. அந்தக் காலத்துல கடைகளில் குளிருக்குப் போட்டிருக்கிற கணப்பு அடுப்பைச் சுத்தி உட்கார்ந்து வெட்டிப் பேச்சு பேசினதால வந்த பேர். நம்ம டீக்கடை பெஞ்ச்னு வச்சுக்கங்களேன்!

'எங்களுக்குக் கிரிக்கெட்டே போதும், இது எதுக்கு பாஸ்?'னு முறைக்காதீங்க. சிக்ஸர் அடிச்சவனுக்கு ஆட்டநாயகன் விருது, பாயின்ட்ல 20 ரன் தடுத்தவனுக்கு ஒரு தட்டு. இந்த அநியாயம் ரெண்டு ஆட்டத்துக்கும் பொதுதானே?

ஒரு சின்ன முன்கதை. அங்கே டிரேடுங்கிறது பெரும்பாலும் அசல் பண்டமாற்று. நீ ரெண்டு பேரைக் கொடு, நான் மூணு பேரைத் தர்றேன். காலையில் ஒரு ஊர் வீரரா எழுந்திருப்பாரு, சாயங்காலம் வேற ஊர் வீரர். சில சீனியர்களைத் தவிர மத்தவங்ககிட்ட 'போறியா தம்பி?'னுகூட யாரும் கேக்க மாட்டாங்க. அதனால, ஒவ்வொரு டிரேடும் ரசிகர்களுக்கு ஒரு வீட்டுச் சண்டை மாதிரி. வருஷக்கணக்கா ஓடும்.

அப்படி இன்னிக்கும் ஓடிட்டு இருக்கிற ஒரு சண்டையைத்தான் இந்த வாரம் எடுத்துக்கிட்டேன். 2007-08 குளிர்காலம். மின்னசோட்டா ட்வின்ஸ் அணி ரெண்டு டிரேடு பண்ணுச்சு. ஒண்ணு, நாடே பேசினது. இன்னொண்ணு, ரெண்டு ஊர்க்காரங்க மட்டும் முணுமுணுத்தது.

முதல்ல பெருசைப் பார்த்துடலாம். யோஹான் சந்தானா. (நம்ம சந்தானம் இல்லீங்க... இவர் வெனிசுவேலா!) இடது கை பிட்சர். 2004, 2006-னு ரெண்டு தடவை 'சை யங்' விருது, அதாவது வருஷத்தின் சிறந்த பிட்சர். ட்வின்ஸால அவருக்குச் சம்பளம் கட்டி மாளாது. நியூயார்க் மெட்ஸ் நாலு இளசுகளைக் கொடுத்துட்டு அவரை அள்ளிட்டுப் போச்சு. ஆறு வருஷத்துக்கு 13 கோடியே 75 லட்சம் டாலர். அதுக்கு முன்னால எந்த பிட்சருக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடைச்சதில்ல. நியூயார்க்கில் திருவிழா!

சின்ன டிரேடு, 2007 நவம்பர் கடைசியிலயே முடிஞ்சிருச்சு. எதிர்ல இருந்தது டாம்பா பே. 1998-ல் பிறந்த அணி. பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் கடைசி இடம். ஒரு சீஸனுக்கு 162 மேட்ச்ல 70-க்கு மேல ஜெயிச்சதே இல்லை. அந்த நவம்பர்லதான் 'டெவில் ரேஸ்'ங்கிற பேர்ல இருந்த டெவிலைக் கழற்றிவிட்டு, வெறும் 'ரேஸ்' ஆனாங்க. பேரை மாத்தினா ராசி மாறும்னு அங்கேயும் நம்புவாங்கபோல!

அவங்க கொடுத்தது டெல்மன் யங். 22 வயசு. 2003-ல் நாடு முழுக்க இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தப்போ முதல் ஆளா எடுக்கப்பட்டவர். 2007-ல் அத்தனை மேட்ச்லயும் ஆடி, சிறந்த புதுமுகம் விருதுல ரெண்டாவது வந்த பேட்ஸ்மேன். பதிலுக்கு முக்கியமா வந்தது ரெண்டு பேர். மேட் கார்ஸாங்கிற இளம் பிட்சர், ஜேசன் பார்ட்லெட்ங்கிற ஷார்ட் ஸ்டாப். ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர்தான் ஷார்ட் ஸ்டாப். வலது கை ஆட்டக்காரன் தரையோட அடிக்கிற பந்துல நிறைய இவரைத் தேடித்தான் வரும். பார்ட்லெட்டுக்கு சிக்ஸரெல்லாம் வராது. ஓடுவார், பிடிப்பார், எறிவார். அவ்வளவுதான்.

'வைரத்தைக் கொடுத்து வெண்கலம் வாங்கிட்டாங்களே'ன்னு ஒரு கோஷ்டி. 'கார்ஸா ஓகே, அந்த பார்ட்லெட் எதுக்கு?'ன்னு இன்னொரு கோஷ்டி.

இப்போ ரெண்டு வரிக் கணக்கு பாருங்க. 2007-ல் டாம்பா பே அடிச்ச ரன் 782, கொடுத்த ரன் 944. தோல்வி 96. 2008-ல் அடிச்சது 774. எட்டு ரன் கம்மி! ஆனா, கொடுத்தது வெறும் 671. வெற்றி 97. அதாவது, அடிக்கிறதுல முன்னேற்றமே இல்லாம ஒரே வருஷத்தில் 31 வெற்றி கூடுதல். அந்த வருஷம் யாங்கீஸ் அணியோட சம்பளப் பட்டியல் 20 கோடி டாலருக்கும் மேல. ரேஸ் அணிக்கு நாலரைக் கோடிகூட இல்லை. அந்தக் காசுல அவங்க யாங்கீஸையும் ரெட் சாக்ஸையும் தாண்டி, உலகத் தொடரின் இறுதி வரை போய், அங்கே ஃபிலடெல்ஃபியாகிட்ட தோத்தாங்க. அந்த இறுதிக்கு அழைச்சுட்டுப் போன ஏழாவது மேட்ச்ல ரெட் சாக்ஸை மடக்கினது யாரு? 'வெண்கலம்' கார்ஸா!

எங்கே போச்சு அந்த 273 ரன்? பிட்சர்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் சூரர்கள் ஆகிடல. பின்னாடி நின்ன ஆட்கள் மாறிட்டாங்க. பார்ட்லெட் வந்தார். ஏப்ரலில் இவான் லாங்கோரியாங்கிற புதுப்பையன் மூணாவது பேஸுக்கு வந்தான். அங்கே இருந்த ஜப்பான்காரர் இவாமுரா ரெண்டாவது பேஸுக்கு நகர்ந்தார். அடிபட்ட பந்துகளில் எத்தனையை அவுட்டா மாத்தறாங்கன்னு ஒரு கணக்கு உண்டு. 2007-ல் அதுல கடைசி இடம். 2008-ல் முதல் இடம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பேஸ்பால் ஸ்கோர்கார்டில் ஃபீல்டிங்குக்குன்னு பழைய கணக்கு ஒண்ணு உண்டு... 'எர்ரர்'. பந்து கையில பட்டு நழுவினா எர்ரர். ஆனா, ஓடிப்போய்த் தொடவே முடியாத சோம்பேறிக்கு எர்ரர் கிடையாது! அது அடிச்சவனோட 'ஹிட்' ஆகிடும், பழி பிட்சர் தலையில் விழும். பாய்ஞ்சு போய்த் தொட்டு நழுவவிட்டவன்தான் குற்றவாளி. பரீட்சைக்கே வராதவன் ஃபெயிலே ஆகாத மாதிரி! அந்த வருஷம் ஒரே ஒரு ஹோம் ரன் அடிச்ச பார்ட்லெட்டை, உள்ளூர் பேஸ்பால் நிருபர்கள் ஓட்டுப் போட்டு அணியின் மிக மதிப்புமிக்க வீரர்னு தேர்ந்தெடுத்தாங்க. தினமும் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தானே தெரியும்? எல்லாப் புகழும் அவருக்கே கிடையாது. ஆனாலும் அந்த ஓட்டு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஓட்டு.

சரி, இதுக்கும் பிட்சர் கைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு மக்களே, அதுதான் மேட்டரே.

ஒரு அணிக்குத் தேவை 27 அவுட். பிடிச்சிருக்க வேண்டிய ஒரு பந்தை ஃபீல்டர் கோட்டைவிட்டா, பிட்சர் இன்னொரு ஆளுக்கு வீசணும். ஒரு ஆளுக்குச் சராசரியா நாலு பந்து. அந்த நாலு பந்தும் எங்கேயிருந்து வருது? தோள்லயிருந்தும் முழங்கையிலயிருந்தும்தான். கொஞ்சம் மெக்கானிக்ஸ் பேசிக்கறேன், இன்ஜினீயரிங் பையன், விடமாட்டேன்! வேகமா வீசும்போது தோள்பட்டையில் கை உள்பக்கமாச் சுழல்ற உச்சக்கட்ட வேகம் நொடிக்கு 7,000 டிகிரிக்கும் மேல. நம்ம ஹாஸ்டல் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுத்துறதைவிட மூணு மடங்கு. முழங்கையில் விழுற முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். முழங்கையிலிருந்து ஒரு அடி தள்ளி 21 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் பிடுங்கி இழுக்கிற மாதிரி. இதை ஒரு ராத்திரியில் நூறு தடவை!

அங்கே எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது ஒரு சின்ன லிகமென்ட். அது கிழிஞ்சா முன்னெல்லாம் வாழ்க்கையே முடிஞ்சுது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, முழங்கையில் கோத்துத் தைத்தார். மனுஷன் 46 வயசு வரை வீசி, ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் 164 வெற்றி! அதனால் அந்த ஆபரேஷனுக்கே 'டாமி ஜான்'னு பேர்.

சோகம் என்னன்னா, அது இப்போ பல் பிடுங்குற மாதிரி ஆகிப்போச்சு. அமெரிக்க லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பெரிய லீக், சின்ன லீக் ரெண்டும் சேர்த்து 2010-ல் 104 டாமி ஜான் ஆபரேஷன், 2024-ல் 281. நேர்வேகப் பந்தோட சராசரி வேகம் 2008-ல் மணிக்கு சுமார் 147 கிலோமீட்டர். 2024-ல் கிட்டத்தட்ட 152. எல்லாரும் ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசறாங்க. ஏன்னா, குளிர்கால மார்க்கெட்டில் விலைபோறது அதுதான். கணப்பு அடுப்பைச் சுத்தி உட்கார்ந்து 'அவன் வேகம் என்ன?'ன்னு முதல் கேள்வி கேக்கறதும் நாமதானே!

நம்ம சின்ன டிரேடோட வம்சாவளியிலேயே இது இருக்கு. ரேஸ் அணி 2011 ஜனவரியில் கார்ஸாவைக் கொடுத்து வாங்கினவங்கள்ல ஒருத்தர் கிறிஸ் ஆர்ச்சர். 2018-ல் ஆர்ச்சரைக் கொடுத்து வாங்கினவங்கள்ல ரெண்டு பேர் டைலர் கிளாஸ்னோ, ஷேன் பாஸ். ரெண்டு பேருமே மின்னல் வேகம். கிளாஸ்னோவுக்கு 2021-ல் டாமி ஜான், பாஸுக்கு 2022-ல் டாமி ஜான். டெல்மன் யங் கொடுத்த வரவு பதினைஞ்சு வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரியில் வந்து நின்னுச்சு!

இப்போ சந்தானாவுக்கு வருவோம். மெட்ஸ்ல முதல் வருஷம் பின்னி எடுத்தார். முட்டியில் கிழிசலோடயே ஒரு மேட்ச்ல எதிரணியை முட்டை ரன்னில் அனுப்பினார். 2010-ல் தோளில் கிழிசல், ஆபரேஷன். 2011 முழுக்க பெரிய லீக்ல ஆடலை. 2012-ல் திரும்பி வந்தார்.

2012 ஜூன் 1. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரா நியூயார்க்கில் மேட்ச். மெட்ஸ் அணி வரலாற்றில் 8,020-வது மேட்ச். அதுவரை அந்த அணியில் ஒருத்தர்கூட 'நோ ஹிட்டர்' வீசினதில்ல. அதாவது, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்காம 27 அவுட்டும் எடுக்கிறது. அன்னிக்குச் சந்தானா கொடுக்கலை. (ஆறாவது இன்னிங்ஸில் பெல்ட்ரான் அடிச்சது கோட்டில் பட்டுச்சு, அம்பயர் 'ஃபவுல்'ன்னுட்டார். அது தனி சண்டை!) ஏழாவது இன்னிங்ஸில் மொலினா தூக்கி அடிச்சார். இடது ஃபீல்டில் மைக் பேக்ஸ்டர். அதே ஏரியாவில் மெட்ஸ் ரசிகனாவே வளர்ந்த உள்ளூர்ப் பையன். பின்னாடியே ஓடி, பந்தைப் பிடிச்சு, அப்படியே சுவத்தில் மோதி விழுந்தார். பந்தை விடலை. காரை எலும்பு விலகி ரெண்டு மாசம் ஆடலை.

மேனேஜர் டெரி காலின்ஸ், 'சந்தானாவுக்கு 110, 115 பந்துக்கு மேல வேண்டாம்'னு முடிவு பண்ணி வச்சிருந்தார். பந்து 115-ஐத் தாண்டுது. இன்னும் ஹிட் இல்லை. அரங்கமே நின்னு கத்துது. சந்தானா வெளியே வர்றதாயில்லை. காலின்ஸும் அவரை வெளியே எடுக்கலை. கடைசி ஆள் ஏமாந்து மட்டையைச் சுத்தினது 134-வது பந்து. வரலாறு! எல்லாரும் கட்டிப்பிடிச்சுக் குதிச்சாங்க. காலின்ஸ் மட்டும் நிருபர்கள் முன்னாடி கலங்கின முகத்தோட உட்கார்ந்திருந்தார்.

அதுக்கப்புறம் சந்தானா பத்து மேட்ச்தான் வீசினார். எல்லாப் பக்கமும் அடி வாங்கினார். 2013 முகாமில் அதே தோள் மறுபடி கிழிஞ்சுது. வேற ரெண்டு அணிகள்கூட முயற்சி பண்ணிப் பார்த்தார், பெரிய லீக்ல அப்புறம் ஒரு பந்துகூட வீச முடியலை. அந்த 134-தான் காரணம்னு ஒரு கோஷ்டி. ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணின தோள், எப்படியும் போயிருக்கும்னு இன்னொரு கோஷ்டி. டாக்டர்களே அறுதியிட்டுச் சொல்ல முடியாத விஷயம். ஆனா, என்னைக் கேட்டா 115-லயே கழற்றியிருப்பேன். நியூயார்க்கே என்னைக் கல்லால அடிச்சிருக்கும், பரவாயில்ல.

மெட்ஸ் ரசிகர்களில் பெரும்பாலானவங்க கட்சி வேற. அம்பது வருஷம் காத்திருந்த ராத்திரி அது, சந்தானாவே கேட்டுக்கிட்டது, நீ யாருடா நடுவுலன்னு கேக்கறாங்க. அதுவும் நியாயமாத்தான் படுது. நீங்க காலின்ஸ் சீட்ல உட்கார்ந்து பாருங்க... 115 பந்து ஆச்சு, இன்னும் அவுட் பாக்கி இருக்கு, சந்தானா உங்களைப் பார்த்துத் தலையாட்டறார். எழுந்து போவீங்களா? ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிப் போடுங்க!