கல்லூரிக் கடிதம் போலி! கனடாவில் தவித்த மாணவர்கள்

கனடா நாட்டில், டொரண்டோ நகரை அடுத்து இருக்கிறது மிசிசாகா. அங்கே எல்லைக் காவல் இலாகாவின் அலுவலகம் ஒன்று உண்டு. 2023-ம் ஆண்டு கோடையில் அந்த அலுவலகத்தின் முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள் இந்திய மாணவ-மாணவிகள். பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள்.

தங்களை நாடு கடத்தக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை.

அவர்கள் மீது என்ன குற்றம்? விசா வாங்கும்போது காட்டிய கல்லூரி அனுமதிக் கடிதம் போலி என்பதுதான்!

ஏஜெண்டு செய்த வேலை

அவர்களில் பலருக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்தவர் ஜலந்தரில் இருந்த ஓர் ஏஜெண்டு. லட்சக்கணக்கில் பணம் வாங்கினார். பிள்ளைகள் விமானத்தை விட்டு இறங்கியதும், "அந்தக் கல்லூரியில் இடம் இல்லை. வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்" என்றார்.

அவர்களும் சேர்ந்தார்கள். படித்தார்கள். வேலைக்கும் போனார்கள். சில ஆண்டுகள் கழித்து, கனடாவிலேயே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டபோது அதிகாரிகள் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டினார்கள். குட்டு உடைந்தது.

விசா மனுவில் ஏஜெண்டின் பெயரே இல்லை. மாணவரே மனுப் போட்டதாக இருந்தது. கனடா சட்டப்படி, பொய்த் தஸ்தாவேஜு கொடுத்தவர் 5 ஆண்டுகளுக்கு அந்த நாட்டில் நுழைய முடியாது.

கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்கவேண்டாமா என்று கேட்பது சுலபம். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை, நிலத்தை அடகு வைத்த தகப்பனார், எதிரே கோட்டும் சூட்டுமாக ஓர் ஏஜெண்டு. யார் கேள்வி கேட்பார்கள்?

அப்போது குடியேற்ற மந்திரியாக இருந்த ஷான் ஃப்ரேசர், ஏமாற்றப்பட்டவர்களை வெளியேற்றுவதில்லை என்று ஜூன் மாதம் அறிவித்தார். ஒவ்வொருவர் விஷயமும் தனித்தனியாக ஆராயப்பட்டது. அக்டோபர் வரை பார்த்த 103 பேரில் 63 பேர் உண்மையான மாணவர்கள் என்று தெரிந்தது. 40 பேர் அப்படி இல்லை. ஏஜெண்டுக்கு 2024-ல் கனடா கோர்ட்டு 3 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது.

இப்போது என்ன முறை?

முன்பெல்லாம் விசா அதிகாரி கடிதத்தைப் பார்ப்பார். முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தால் போதும். 2023 டிசம்பர் 1-ந் தேதி முதல் இது மாறிவிட்டது. கடிதம் கொடுத்த கல்லூரியையே குடியேற்ற இலாகா கேட்கிறது. 10 நாட்களுக்குள் "ஆம், எங்கள் கடிதம்தான்" என்று கல்லூரி பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மனு திரும்பி வந்துவிடும்.

இந்த முறை வந்த முதல் ஆண்டிலேயே சுமார் 5 லட்சம் கடிதங்கள் சோதிக்கப்பட்டன. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சந்தேகத்துக்கு உரியவை என்று தெரிந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கடிதம் அசலாக இருந்தாலும், கல்லூரி பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் அவதிப்படுபவர் மாணவர்தான். ஆகவே, மனுப் போடுமுன் மாணவரே கல்லூரிக்கு நேராக எழுதி, தன் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஏஜெண்டு கொடுக்கும் முகவரிக்கு அல்ல. கல்லூரியே வெளியிட்டிருக்கும் முகவரிக்கு எழுதவேண்டும். கட்டணத்தையும் கல்லூரியின் கணக்கிலேயே கட்டி, ரசீது வாங்கவேண்டும்.

மாணவருக்காக மனுவை நடத்துகிறவரின் பெயரைத் தெரிவிக்கத் தனிப் படிவமே உண்டு. "அதெல்லாம் வேண்டாம், நீயே போட்டதாக இருக்கட்டும்" என்று ஏஜெண்டு சொன்னால், பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.