சென்னையில் பார்க்க என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் கொஞ்சம் இருக்கும். வாத்தியார் திட்டுவது உங்களுக்குப் புதிதல்ல, பொறுமையாகப் படியுங்கள்.

முழுப் பரீட்சை லீவில் சென்னைக்குப் போய்வந்த நம்மூர்ப் பிள்ளைகளிடம் "என்னப்பா பார்த்தே?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. மால், தீம் பார்க், மெரினாவில் சுண்டல், நூறு செல்ஃபி. பெரியவர்களைக் கேட்டால் "அங்க பார்க்க என்ன சார் இருக்கு? வெயிலு, டிராஃபிக்கு, கூவம்" என்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாக்களும் இந்த லட்சணம்தான். காசு வாங்குகிறார்கள், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்ச் சறுக்கில் விட்டுவிட்டுக் கூட்டி வருகிறார்கள். இதற்குக் 'கல்விச் சுற்றுலா' என்று பெயர் வேறு.

வெளியூர்க்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஆண்டாளைக் கும்பிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பினால் நமக்குக் கோபம் வருகிறது. ராஜபாளையம் என்றதும் "ஓ, நாய்க்குப் பேர் போன ஊரா?" என்றால் முகம் சுளிக்கிறோம். நாம் சென்னையில் செய்வதும் அதேதானே?

பொதிகை எக்ஸ்பிரஸ் போய்ச் சேருவது எழும்பூருக்கு. அந்த ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பாந்தியன் சாலையில் இருக்கிறது 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. ஆதிச்சநல்லூர் எங்கே இருக்கிறது? நமக்குத் தெற்கே, தாமிரபரணிக் கரையில். தாத்தன் பூட்டன் காலத்துக்கும் முந்தைய நம் சீமையின் சொத்து அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் காத்திருக்கிறது. நாம் அந்த வாசலைத் தாண்டி ஆட்டோவில் மாலுக்குப் போகிறோம். அதே வளாகத்தில்தான் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. புத்தக வாசனை தெரிந்த பிள்ளையை ஒருமுறை அங்கே நிறுத்திப் பாருங்கள்.

அரசு முத்திரையில் இருப்பது நம் வடபத்ரசாயி கோயில் கோபுரம் என்று மார்தட்டுகிறோம். (மதுரை மேலக் கோபுரம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்றைக்கு வேண்டாம்.) அந்த முத்திரை குத்துகிற புனித ஜார்ஜ் கோட்டையை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 1949 முதல் 1952 வரை அங்கே முதல்வராக இருந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா, நம் ராஜபாளையத்துக்காரர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த மனிதர். நாடு குடியரசான 1950 ஜனவரி 26 அன்று சென்னை மாகாணத்தின் முதல்வர் அவர்தான். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார் என்பதும் வரலாறுதான். கலைமன்றத்துக்குப் போகிற பிள்ளைக்கு இந்தக் கதை தெரியுமா? கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது. வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டையோடு போங்கள்.

சரி, மெரினாவுக்கே வருவோம். நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிற உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கிறோம். இந்தியாவில் முதன்முதலாக 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளிகளை வைத்துத்தான். என் மாணவர்களில் பாதிப்பேரின் அப்பாவும் அம்மாவும் ராஜபாளையம் மில்களில் ஷிஃப்ட் பார்த்தவர்கள். எட்டு மணி நேர வேலை வானத்திலிருந்து விழுந்ததா? அந்தச் சிலைக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி, "உன் தாத்தா பட்ட பாடு இது" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதாதா?

"பிள்ளைகளுக்கு போர் அடிக்கும் சார்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதை சொல்ல ஆள் இல்லாவிட்டால்தான் போர் அடிக்கும். "செலவாகும்" என்பார்கள். மாலில் ஒரு காபிக்குக் கொடுக்கிற காசில் குடும்பமே எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். தீம் பார்க்குக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் அங்கே போனால், ஒரு நாள் இங்கே போங்கள்.

என் வருத்தமெல்லாம் இதுதான். நம்மூர்ப் பிள்ளை சென்னையை 'அவங்க ஊரு' என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறது. நாளைக்கு அதே பிள்ளை கல்லூரிக்கும் வேலைக்கும் அங்கே போய் நிற்கும்போது கூனிக் குறுகுகிறது. தலைநகரம் நமக்கும் சொந்தம் என்று சின்ன வயதிலேயே தெரிந்த பிள்ளை நிமிர்ந்து நிற்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, முக்கியமாக உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஊரிலிருந்து அத்தையும் சித்தப்பாவும் பிள்ளைகளோடு வந்தால் நேரே மாலுக்குக் கூட்டிப் போவது நீங்கள்தான். பல பேர் நீங்களே அந்த அருங்காட்சியகத்துக்குள் காலடி வைத்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த லீவில் ஒரு பிள்ளையையாவது எழும்பூருக்குக் கூட்டிப் போங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைக்கு எது பிடித்தது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். திருத்த நான் தயார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்