காலை மறந்த நீச்சல்

கோபிப் பக்கத்துக் கிணறுகளில் நீந்தப் பழகியோர்க்கு முதற்பாடம் காலில்தான் தொடங்கியது. முதுகில் சுரைப்புருடையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். படிக்கல்லை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு காலடிக்க வேண்டும். "எதுத்த செவுரு நனையோணும்" என்பார் மேலே நிற்கும் மாமன். இன்று குளத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் செய்யும் உதைப்பயிற்சியும் அடிப்படையில் இதுவே.

ஆயினும் அதில் நம் பெற்றோர்க்குப் பொறுமை இல்லை. பத்தாம் நாளே பிள்ளை அக்கரை தொட்டாக வேண்டும். "இன்னும் காலத்தான் ஆட்டிட்டிருக்கானா?" என்னும் கேள்வி கோடை வகுப்புகளில் காதில் விழுகிறது. கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. முன்நீச்சலில் உடலை முன்செலுத்துவதில் பெரும்பங்கு கைகளுடையது. தொடைத் தசைகளோ மூச்சை மிகுதியாகத் தின்பவை. நெடுந்தூரம் நீந்துவோர் பலர் காலைச் சிக்கனமாகவே ஆட்டுவர். ஈரோட்டில் பிறந்து, 1994இல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்த குற்றாலீஸ்வரனைப்போல் கடல் கடக்க விழையும் பிள்ளைக்கு இவ்வளவு காலடி எதற்கு எனலாம்.

செலவைக் குறைப்பது வேறு, கையில் காசே இல்லாதது வேறு. கால் தாழ்ந்தால் உடல் சாய்கிறது. சாய்ந்த உடலை நீர் தடுக்கிறது. கையின் உழைப்பெல்லாம் அந்தக் காலை இழுப்பதிலேயே போகிறது. சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்குவதும் பயனற்றது. அடி இடுப்பிலிருந்து எழ வேண்டும், கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும். பலகையிலும் ஒரு குறை உண்டு: தலையை நிமிர்த்திக்கொண்டே பழகினால் இடுப்பு இறங்கிவிடும். மல்லாந்து கிடந்து காலடிக்கப் பழக்குவது இதற்கு நல்ல மாற்று.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை எண்ணி இரங்கும் பாடல் (243) நாம் வகுப்பில் பலமுறை நடத்தியது. மருதமரக் கிளையிலிருந்து ஆழ்மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய சிறுவன் அவர். மணல் சிந்தாதபடி மூடிய கை நீரைத் தள்ள அவ்வளவாக உதவாது. அவரை மேலே கொண்டுவந்தது கால்தான் என்பது நம் துணிபு, உரையாசிரியர்கள் மன்னிப்பார்களாக.

குளத்தில் சிறிது தொலைவில் சுவர் உண்டு. கொடிவேரிக்கு மேலும் கீழும் பவானியில் அது கிடையாது. அங்கே கை சோர்ந்தவன் ஒரு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டுமானால், அவனைத் தாங்க மிஞ்சுவது கால் மட்டுமே. ஆகவே, அக்கரை தொட்டானா என்று கேட்கும் பெற்றோர், இரு கைகளையும் நீருக்கு மேலே தூக்கியபடி ஒரு நிமிடம் காலடித்து நிற்கிறானா என்றும் பயிற்றுநரிடம் கேட்கலாம். எம் மாமன் இருந்திருந்தால் ஐந்து நிமிடம் கேட்டிருப்பார்.